மெல்டர்பி பெயர்க்காரர்கள் தனியாக வரக்கூடாது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் ஒரு வரிகூடக் கற்பனை இல்லை. நான் கதை எழுதுகிற ஆளும் இல்லை, பேய் பிசாசுக்குப் பயப்படுகிற ஆளும் இல்லை. முப்பத்தொரு வருடம் கிரிம்ஸ்பி துறைமுகத்தில் மீன் துண்டு போட்டவள். ஒருமுறை பனிக்கட்டிக் கிடங்கில் கரண்ட் போய், கும்மிருட்டில் ஒன்றரை மணி நேரம் தனியாக மாட்டிக்கொண்டேன். அப்போதுகூட எனக்குப் பசிதான் வந்தது, பயம் வரவில்லை.

என் பெயர் டோரீன். போன டிசம்பர் பதினான்காம் தேதி, சனிக்கிழமை, மதியம் 2.41-லிருந்து சாயங்காலம் 4.26 வரை எனக்கும் என் கணவன் கிளிஃபுக்கும் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். நிமிஷம் வரைக்கும் எப்படி ஞாபகம் என்று கேட்பீர்கள். கிளிஃப் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவன். அவனோடு முப்பத்தெட்டு வருடம் குப்பை கொட்டினால் யாருக்கும் மணி பார்க்கிற வியாதி வந்துவிடும்.

அவனுக்கு இன்னொரு வியாதியும் உண்டு. அவனுடைய குடும்பப் பெயர். மெல்டர்பி.

மற்ற ஆண்கள் புறா வளர்ப்பார்கள், தோட்டம் போடுவார்கள். என் ஆள் மெல்டர்பிகளைச் சேர்த்தான். உலகத்தில் அந்தப் பெயரோடு பிறந்தவர், கட்டியவர், செத்தவர் எல்லாரும் எங்கள் பின் அறையில் அட்டைப் பெட்டிகளில் இருந்தார்கள். அந்தப் பெயர்க்காரர்களுக்கு ஒரு சங்கம்கூட நடத்தினான். நாற்பத்து மூன்று பேர். வருடத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு ஹோட்டலில் கூடி, நெஞ்சில் பெயர் அட்டை குத்திக்கொண்டு சாண்ட்விச் சாப்பிடுவார்கள். "எல்லாருக்கும் ஒரே பேருதானே, அப்புறம் எதுக்குடா அட்டை?" என்று ஒருமுறை கேட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இங்கிலாந்தில் மெல்டர்பி என்று மூன்று ஊர் இருக்கிறது. அவன் வம்சம் எந்த ஊரிலிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. யார்க்‌ஷயர் மெல்டர்பியில் இரண்டு வீடும் ஒரு டெலிபோன் கூண்டும் இருந்தன. நார்ஃபோக் மெல்டர்பியில் உருளைக்கிழங்கு இருந்தது. இரண்டுமே இல்லை என்று ஆகிவிட்டது. மூன்றாவது, எங்கள் லிங்கன்‌ஷயர் மேட்டுப் பக்கம், வீட்டிலிருந்து ஒரு மணி நேரம். அங்கே ஊரே இல்லை. வயலுக்கு நடுவில் ஒரு சர்ச் மட்டும் நிற்கிறது. வருடத்துக்கு ஒரு பூசை. மற்ற நாளெல்லாம் பூட்டு.

அன்றைக்குக் காலையில் டீ குடித்துக்கொண்டே பாடம் நடத்தினான்.

"மெல்டர்னு ஒரு டென்மார்க்காரன் படகுல வந்து இங்க பண்ணை போட்டான். அவங்க பாஷையில பண்ணைக்கு 'பி'ன்னு பேரு. அதான் மெல்டர்பி. ஆனா ஒண்ணு தெரியுமா டோரீன்? அந்த ஊர்லயே இருந்தவன் ஒருத்தனுக்கும் மெல்டர்பின்னு பேரு கிடையாது. கிரிம்ஸ்பிக்குள்ள உன்னை யாராவது கிரிம்ஸ்பிக்காரின்னு கூப்பிடுறாங்களா? ஊரை விட்டு வெளிய போனவனுக்குத்தான் ஊர்ப் பேரு ஒட்டும்."

"அப்போ உங்க பரம்பரையே ஊரை விட்டு ஓடினதுங்கதான்."

"ஓடல. போனாங்க."

"ஆமா ஆமா, போனாங்க. டீயைக் குடி, ஆறுது."

சிரித்துக்கொண்டுதான் கிளம்பினோம். ஆனாலும் என் மனசுக்குள் ஒரு பாரம் இருந்தது. அக்டோபரில் கிளிஃபுக்கு நெஞ்சுவலி வந்து, ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். நெஞ்சு பிடித்தால் உடனே நாக்குக்கு அடியில் அடித்துக்கொள்ள ஒரு மருந்துக் குப்பி கொடுத்திருந்தார்கள். எங்கள் மகன் நீலுக்கு மே மாதம் முதல் குழந்தை பிறக்க இருந்தது. "அந்தக் குழந்தைகிட்ட நம்ம பேரு எங்கேருந்து வந்துச்சுன்னு சொல்லணும் டோரீன். இதைப் பார்த்துட்டேன்னா பெட்டியெல்லாம் கட்டி வச்சிடுறேன்" என்றான். அந்தக் குரலைக் கேட்டுவிட்டு நான் எப்படி வேண்டாம் என்று சொல்ல முடியும்?

சாவி மேட்டுக்குக் கீழே இருக்கும் பண்ணை வீட்டில் இருந்தது. மணி 2.10. திருமதி டாஸ்கர் என்று எண்பது வயது அம்மா. ரப்பர் பூட்ஸும் ஆண்பிள்ளைக் கோட்டுமாக வாசலுக்கு வந்தாள். சாவி என் முழங்கை நீளம். அதை உடனே கொடுக்காமல் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீதான் பாக்லினா, கண்ணு?"

தூக்கிவாரிப் போட்டது. பாக்லின் என் அப்பா வீட்டுப் பெயர். கல்யாணத்தோடு விட்ட பெயர். இவளுக்கு எப்படித் தெரியும்? நான் வாயைத் திறப்பதற்குள் கிளிஃப் என் காலை மிதித்தான்.

"பாக்லின்தாங்க" என்றான் அவனே.

"நல்லது. இவர் உள்ள இருக்கிற வரைக்கும் நீ கதவுகிட்டயே நில்லு. நகராத. குளிரும்தான், என்ன பண்றது. நாலு மணிக்குள்ள வந்துடுங்க, டீ போட்டு வைக்கிறேன்."

காரில் ஏறியதும் பிடித்துக்கொண்டேன். "என் அப்பன் பேரு இப்ப எதுக்கு உனக்கு?"

"அப்புறம் சொல்றேன்" என்றான். முகத்தைப் பார்க்கவில்லை. அப்போதே வண்டியைத் திருப்பச் சொல்லியிருக்க வேண்டும்.

காரை வேலியோரம் விட்டுவிட்டு வயலில் இருநூறு அடி நடந்தோம். காற்று முகத்தை அறுத்தது. சர்ச் சின்னது. கிளிஃப் பூட்டைத் திறந்தான். கனமான ஓக் மரக் கதவு. அதன் வெளிப்பக்கம், பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு காகிதம் நான்கு துருப்பிடித்த ஊசியால் குத்தியிருந்தது. நீல மையில், உருண்டை உருண்டையாகக் கையெழுத்து.

'பறவைகள் உள்ளே வந்து மாட்டிக்கொள்கின்றன. தயவுசெய்து கதவைச் சாத்தவும். நன்றி.'

எங்கள் ஊர்ப் பக்கம் பாதி சர்ச்சுகளில் இப்படி ஒன்று இருக்கும். வாசிக்கக்கூட வேண்டாம், கை தானாகச் சாத்தும். உறையின் ஓரம் கிழிந்திருந்தது. காகிதத்தைத் தொட்டேன். விரலில் நீல மை ஒட்டியது. காகிதம் பழுப்பேறிப் போயிருந்தது... மை மட்டும் ஈரமாக இருந்தது. மழைச்சாரல் என்று நினைத்துக்கொண்டேன்.

மணி 2.41. உள்ளே நுழைந்ததும் பார்வையாளர் புத்தகம். கிளிஃப் பெரிய எழுத்தில் தன் பெயரை எழுதினான். பக்கத்தில் 'ஊர்' என்ற இடத்தில் 'இதே ஊர்' என்று எழுதிவிட்டு, பள்ளிக்கூடப் பையன் மாதிரி என்னைப் பார்த்து இளித்தான். சங்கத்துப் பெயர் அட்டையை வேறு நெஞ்சில் குத்தியிருந்தான்.

கதவின் வழியாகக் காற்று வந்துகொண்டே இருந்தது. அவன் இருமினான். மேலே உத்தரத்தில் ஏதோ படபடவென்று அடித்தது. குருவியோ என்னவோ. நெஞ்சுவலி வந்த மனுஷன், இந்தக் குளிரில் நிற்கலாமா? கதவுகிட்டே நிற்கச் சொன்னாள், அவ்வளவுதானே? திறந்து வைக்கச் சொல்லவில்லையே? அதோடு அந்த 'தயவுசெய்து', அந்த 'நன்றி'. அதை மீறுகிற மாதிரி எங்களை வளர்க்கவில்லை.

நான்தான் சாத்தினேன்.

படபடப்பு உடனே நின்றுவிட்டது.

"டோரீன், இதைப் பாரேன்" என்றான் கிளிஃப். கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு சதுர ஓட்டை. "உள்ளேருந்து தாழ்ப்பாள் கட்டை போடுற பொந்து. கட்டை போய் எத்தனையோ நூறு வருஷம் ஆயிருக்கும்." டார்ச் அடித்துக் காட்டினான். உள்ளே சிலந்தி வலையும் இருட்டும்தான்.

உள்ளே இருந்தவை எல்லாம் பழங்காலத்துப் பெட்டி பெஞ்சுகள். இடுப்பு உயரத்துக்குப் பலகை அடைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டிக் கதவு, ஒரு கொக்கி. பக்கத்துக்கு ஒன்பதாகப் பதினெட்டு. எல்லாக் கதவும் சாத்தியிருந்தன. நான் வாசலை விட்டு நகராமல் நின்றேன்.

2.55. முன்பக்கச் சுவரில் மாட்டியிருந்த ஒரு தட்டச்சுத் தாளைக் கிளிஃப் உரக்கப் படித்தான். எந்தக் காலத்திலோ இருந்த பாதிரியார் எழுதி வைத்தது. 1349-ல் கொள்ளைநோய் வந்ததாம். ஊருக்கு உரிய பிரபு நாலு பக்கமும் வேலி கட்டிக் காவல் போட்டுவிட்டாராம். யாரும் வெளியே போகக்கூடாது. மிச்சம் இருந்தவர்கள் இந்தச் சர்ச்சுக்குள் வந்து, ஒருவர் போனால் மற்றவர் புதைக்க வேண்டும் என்று சத்தியம் செய்து, உள்ளிருந்து கட்டையைப் போட்டுக்கொண்டார்களாம். ஒரு ராத்திரி ஒன்பது பேர் மட்டும் கட்டையை நீக்கி வெளியேறிக் கடற்கரைப் பக்கம் போய்விட்டார்கள். மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். கடைசியில் புதைக்க ஆள் இல்லை.

"டோரீன்! நம்ம ஊரு இதுதான்! அந்த ஒன்பது பேர் போன இடத்துலதான் 'மெல்டர்பி'ங்கிற பேரே முதல்ல எழுதியிருக்கு, என்கிட்ட கணக்கா இருக்கு!" அவன் கண்ணில் தண்ணீர்.

"ஓடினதுங்கன்னு காலையிலயே சொன்னேன்ல?" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. நானும் முழுசாகச் சிரிக்கவில்லை. ஏனென்றால் அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நான் கழுத்துத் துண்டை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தேன்.

வியர்த்தது.

டிசம்பரில். ஹீட்டர் இல்லாத கல் கட்டடத்தில். மழை நாளில் ஆள் நிறைந்த பஸ்ஸுக்குள் ஒரு புழுக்கம் இருக்குமே, ஈரக் கம்பளியும் மூச்சும் கலந்து... அதே புழுக்கம். ஜன்னல் கண்ணாடிகள் எல்லாம் உள்பக்கமாகப் பனித்திருந்தன.

"கிளிஃப், வா போகலாம்."

"அஞ்சு நிமிஷம்."

3.12.

டக்.

எங்கோ பின்னாலிருந்து. கடைசி வரிசையில் ஒரு குட்டிக் கதவின் கொக்கி விழுந்து, கதவு மெல்லத் திறந்தது.

"பழைய மரம்" என்றான் கிளிஃப்.

டக்.

அதற்கு முன் வரிசை.

நான் திரும்பி வாசல் கதவின் வளையத்தைத் திருகினேன். வளையம் சுற்றியது. கதவு அசையவில்லை. தோள் கொடுத்துத் தள்ளினேன். மீன் பெட்டி தூக்கிய தோள் இது. ஒரு மயிரிழை நகரவில்லை. கிளிஃப் ஓடிவந்து அவனும் இழுத்தான், தள்ளினான். சாவி அவன் கையில்தான் இருந்தது. பூட்டு திறந்துதான் இருந்தது.

அப்புறம் ஏன்?

சுவரில் இருந்த அந்தப் பொந்துப் பக்கம் கை வைத்தேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கையில் ஏதோ தட்டுப்பட்டது. மரக்கட்டை. தொடை தடிமன். பட்டைகூடச் சீவாத மரம், சொரசொரவென்று. கதவுக்குக் குறுக்கே இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் போயிருந்தது.

"கிளிஃப்... இங்க தொட்டுப் பாரு."

தொட்டான். கையை இழுத்துக்கொண்டான். அவன் முகம் சாம்பலாகிவிட்டது.

"போனை எடு" என்றேன்.

"கார்ல இருக்கு."

"மருந்து?"

கோட்டுப் பையைத் தடவினான்.

"கிளிஃப், மருந்து எங்க?"

"அதுவும் கார்லதான். ரெண்டு நிமிஷ வேலைன்னு நெனச்சேன் டோரீன்..."

3.31. கத்தினேன். கதவை உதைத்தேன். வயலுக்கு நடுவில் யார் காது கேட்கும்? ஜன்னல்கள் என் தலைக்கு மேலே, கையகல அகலம். நாலு மணிக்குப் போகாவிட்டால் அந்த அம்மா தேடி வருவாள் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

டக்... டக்.

இப்போது இரண்டு பக்கமும். பின்னாலிருந்து முன்னுக்கு. ஒரு கதவுக்கும் இன்னொரு கதவுக்கும் நடுவில் சரியாக ஒரு மூச்சு.

"என்கிட்ட என்னத்தை மறைக்கிற?" என்று அவன் சட்டையைப் பிடித்தேன். "எதுக்கு என் அப்பன் பேரைச் சொன்ன?"

அவன் சுவரோடு சாய்ந்தான். ஒரு கை நெஞ்சில்.

"போன்லயே அந்தம்மா சொல்லிச்சு. மெல்டர்பி பேர்க்காரங்க தனியா வரக்கூடாதாம். வேற பேர்க்காரங்க ஒருத்தர் கதவைத் திறந்து பிடிச்சுக்கிட்டு நிக்கணுமாம். அது அங்க வழக்கமாம். சும்மா மூடநம்பிக்கைன்னு நெனச்சேன். 'கூட யாரு வர்றா?'ன்னு கேட்டுச்சு. 'என் சம்சாரம், திருமதி மெல்டர்பி'ன்னு சொன்னா சாவி தருமா? அதான்..."

எனக்கு வந்த கோபத்தில் பயம்கூட ஒரு நிமிஷம் மறந்துபோனது.

"முப்பத்தெட்டு வருஷமா உன் பேரைத் தூக்கிச் சுமந்தேனே! என் பேரு என்ன ஆச்சுன்னு ஒரு நாள் கேட்டிருப்பியா? இப்ப ஒரு சாவிக்கு அது தேவைப்பட்டுச்சா? அதையாவது என்கிட்ட சொன்னியா? சொல்லியிருந்தா நான் கதவைச் சாத்தியிருப்பேனாடா, பாவி?"

"மன்னிச்சிடு டோரீன்" என்றான். அப்படியே பக்கத்துப் பெஞ்சுக்குள் உட்கார்ந்துவிட்டான். உதடு நீலம். நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. அக்டோபரில் பார்த்த அதே முகம்.

3.52. வெளியே வெளிச்சம் போய்விட்டது. டார்ச் மட்டும்.

எல்லாக் கதவுகளும் திறந்துவிட்டன. கிளிஃப் உட்கார்ந்த பெஞ்சின் கதவு மட்டும் அசைந்தது.

அது மெல்லச் சாத்திக்கொண்டது.

டக்.

அவனை உள்ளே வைத்து.

நான் பாய்ந்து கொக்கியை இழுத்தேன். வரவில்லை. பலகைக்கு மேலாகக் கை நீட்டினேன். அவன் கையைப் பிடித்தேன். இழுத்தேன். அவன் கோட்டின் இன்னொரு கை... பின்பக்கமாக விறைத்து நின்றது. யாரோ பிடித்திருக்கிற மாதிரி. யாரும் இல்லை.

"விட மாட்டேங்கிறாங்க டோரீன்..."

என் கழுத்தில் மூச்சு. எத்தனை பேருடையது என்று தெரியாது. யாரும் என்னைத் தொடவில்லை. அதுதான் அதிசயம். என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவனிடம் போனார்கள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

4.09. கதவிடம் ஓடினேன். கட்டையில் இரண்டு கையையும் வைத்தேன். என் குரல் எனக்கே கேட்காத அளவு கத்தினேன்.

"என் பேரு டோரீன் பாக்லின்! எங்கப்பா மீன்பிடி கப்பல்ல வேலை பார்த்தவர். எங்கம்மா ஹல் ஊர்க்காரி. எனக்கும் இந்த ஊருக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. நான் யாரையும் விட்டுட்டு ஓடல. என்னை வெளிய விடுங்க!"



பிறகு, கல்லில் மரம் உரசுகிற சத்தம்... நீளமாக... சுவருக்குள் போய் நின்றது.

வளையத்தைத் திருகினேன். கதவு திறந்தது.

குளிர் காற்று. புல் வாசனை. தூரத்தில் எங்கள் கார்.

ஒரு கால் வெளியே வைத்தேன். கதவு என் முதுகை அழுத்தியது. நான் நகர்ந்தால் சாத்திக்கொள்ளும். மருந்து இருநூறு அடி தூரத்தில். கிளிஃப் இருபது அடி தூரத்தில். மருந்துக்கு ஓடினால் கதவு போய்விடும். கதவைப் பிடித்தால் மருந்து இல்லை. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே, நடுவில் நான். அந்த மாதிரி ஒரு நிலைமை என் எதிரிக்கும் வரவேண்டாம்.

"கிளிஃப்! என் பேரைச் சொல்லு!"

"டோ... டோரீன்..."

"அது இல்லடா! பாக்லின்னு சொல்லு! உன் பேரு பாக்லின்னு சொல்லு! நான் தர்றேன், எடுத்துக்கோ!"

டார்ச் தரையில் உருண்டு கிடந்தது. அந்த வெளிச்சத்தில் அவன் முகம் பார்த்தேன். முப்பது வருடம் பெட்டி பெட்டியாகச் சேர்த்த பெயர். அப்பாவின் பெயர். எங்கள் கல்யாணப் பத்திரிகையில் இருந்த பெயர். அவன் அழுதான்.

"என்னால முடியல டோரீன்."

"பேரு பெருசா, நான் பெருசா? நீ செத்துட்டா நான் எந்தப் பேரை வச்சுக்கிட்டு என்னடா பண்ணுவேன்?"

4.21.

அவன் உதடு அசைந்தது.

"கிளிஃப் பாக்லின்." சத்தமே இல்லை. பிறகு கொஞ்சம் சத்தமாக. "என் பேரு கிளிஃப் பாக்லின்."

பதினெட்டுக் குட்டிக் கதவுகளும் ஒரே நேரத்தில் அடித்தன.

பிறகு அவன் பெஞ்சின் கதவு மட்டும் திறந்தது.

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். ஒவ்வொரு அடியாக. நெஞ்சிலிருந்த பெயர் அட்டையைப் பிய்த்துப் போட்டான். புத்தகம் இருந்த மேசையிடம் நின்றான். "வாடா!" என்று கத்தினேன். கேட்கவில்லை. பேனாவை எடுத்துத் தன் பெயரைக் குறுக்காக அடித்தான். பிறகுதான் என் கைக்கு வந்தான்.

4.26. கதவு எங்களுக்குப் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது. உள்ளே கட்டை விழுந்தது.

அவனைப் புல்லில் உட்கார வைத்துவிட்டுக் காருக்கு ஓடினேன். அறுபத்தொரு வயதில் அப்படி ஓடுவேன் என்று நினைக்கவே இல்லை. மருந்தை அடித்தேன். பத்து நிமிஷத்தில் முகத்தில் நிறம் வந்தது. திருமதி டாஸ்கர் லாந்தரோடு மேடு ஏறி வந்துகொண்டிருந்தாள். தனியாக வரவில்லை. பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவரையும் அழைத்து வந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிப்போனாள். அவள் சமையலறையில் டீயைக் கையில் கொடுத்த பிறகுதான் கேட்டாள்.

"கதவை யாரு சாத்தினது?"

"நான்தாங்க. நீங்க நோட்டீஸ் ஒட்டியிருந்தீங்களே, பறவை உள்ள வருதுன்னு..."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அந்தக் கதவுல நோட்டீசே கிடையாது, கண்ணு. நாங்க எதுக்குச் சாத்தச் சொல்லப் போறோம்?"

நான் என் விரலைப் பார்த்தேன். நீல மை அப்படியே இருந்தது. சோப்பு, ப்ளீச், மீன் கத்தியால் சுரண்டியது, எதற்கும் போகவில்லை. பத்து நாள் கழித்துத் தானாகப் போனது.

பிப்ரவரியில் கிளிஃப் வக்கீலிடம் போய்ப் பத்திரம் எழுதி, சட்டப்படி கிளிஃப் பாக்லின் ஆனான். நானும் பழையபடி பாக்லின் ஆனேன். பெட்டிகளை எல்லாம் ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்தோம். சங்கத்தில் நாற்பத்திரண்டு பேருக்கும் ஒரே கோபம். நீலுக்கு எல்லாரையும் விட அதிகம். "அப்பாவுக்கு மூளை கீளை குழம்பிடுச்சா?" என்று கேட்டான். நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். பிறகு அப்பாவின் மாத்திரைகளின் பெயர் என்ன என்று கேட்டான்.

ஏப்ரல் 22. தபாலில் ஒரு கவர். திருமதி டாஸ்கரிடமிருந்து. உள்ளே பார்வையாளர் புத்தகத்தின் ஒரு பக்கம், போட்டோ எடுத்தது. கிளிஃப் தன் பெயரை அடித்த வரி இருந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரி. நீல மை. உருண்டை உருண்டையான எழுத்து.

'ஐவி மெல்டர்பி. ஊர்: இதே ஊர்.'

தேதி போடவில்லை.

கூட ஒரு துண்டுச் சீட்டு. 'அன்றைக்குப் பிறகு சர்ச்சைத் திறந்தது நேற்றுத்தான். சாவி என்னிடமே இருந்தது. இது யார் என்று உங்களுக்குத் தெரியுமா?'

எங்களுக்குத் தெரியவில்லை. கிளிஃப் தன் பெட்டிகளில் இருந்த அத்தனை பேரையும் மனப்பாடமாக ஓட்டிப் பார்த்தான். அறுநூறு வருடத்தில் ஐவி என்று ஒரு மெல்டர்பி கிடையாது. அப்பாடா என்று இருந்தது.

மே 11. லீட்ஸ் ஆஸ்பத்திரியிலிருந்து நீல் போன் செய்தான். பெண் குழந்தை. தாயும் சேயும் நலம்.

"பேரு ஐவிம்மா. நேத்து ராத்திரி பிரசவ வார்டுலதான் ரெண்டு பேரும் முடிவு பண்ணோம். இன்னும் யார்கிட்டயும் சொல்லல."

எங்கள் நாட்டில் குழந்தை பிறந்தால் பதிவு செய்ய நாற்பத்திரண்டு நாள் அவகாசம். அம்மா பெயரையும் வைக்கலாம், அப்பா பெயரையும் வைக்கலாம். நான் தினமும் போன் செய்தேன். மருமகள் வீட்டுப் பெயரை வை என்றேன். பாக்லின் என்று வை என்றேன். எந்தக் கழுதையின் பெயரையாவது வை என்றேன். போட்டோவைக் கொண்டுபோய் நீட்டினேன். "யாரோ உங்களை வச்சு விளையாடுறாங்கம்மா" என்றான். கடைசியில் போன வாரம், "சரிம்மா, யோசிக்கிறேன்" என்றான். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் தூங்கினேன்.

நேற்று முன்தினம், வியாழக்கிழமை, முப்பத்தொன்பதாவது நாள். காலை 11.15. போன்.

"பதிவு பண்ணிட்டோம்மா. சர்டிபிகேட் கையில இருக்கு."

"எந்தப் பேரு?"

சிரித்தான். சந்தோஷமான சிரிப்பு. அப்படியே அவன் அப்பா சிரிப்பு.

"மெல்டர்பிதான், வேறென்ன? அப்பா பாவம், ஆசை ஆசையா சேர்த்த பேரு, பயத்துல கழட்டிப் போட்டாரு. வீட்டுல யாராவது ஒருத்தர் அதைப் பிடிச்சுக்க வேண்டாமா? அவருக்காகத்தான்மா. நீயே சொல்லிடு அவர்கிட்ட."

எதிரே கிளிஃப் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். இப்போதெல்லாம் நன்றாகச் சாப்பிடுகிறான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"என்ன பேராம்?" என்றான்.

நான் இன்னும் சொல்லவில்லை.